ரெஜிஸ்டரம்மாவின் கோடு போடாத நோட்டு

பெரிய பேருந்து நிலையத்தில் பதினான்காம் நடைமேடைக்குப் பின்னால், கழிவறைக்குப் போகும் வழியில் ஓர் ஒடுக்கமான அறை இருந்தது. பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போகிற சாமான்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டுநர், நடத்துநர் தொடங்கி தேநீர்க் கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ரெஜிஸ்டரம்மாதான். மேசையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கிடக்கும் தடித்த பதிவேட்டுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பதிவேடுதான் அதிகாரி, அவள் அதற்கு உதவியாள் என்று தோன்றும்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. எழுதியிருப்பதுதான் கொஞ்சம் சிக்கனம். ‘குடை, கறுப்பு – ஒன்று.’ ‘பை, கறுப்பு – ஒன்று.’ நிறத்தில் சந்தேகம் வந்துவிட்டால், ‘பை – ஒன்று.’ பத்தொன்பது வருடமாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். குடையைக் கேட்டு யாராவது வந்தால், உள்ளே போய் ஏழெட்டுக் குடைகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டு, “இதுல எதுன்னு பாருங்க” என்பாள். வந்தவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எடுத்தது தன்னுடையதா, தன்னுடையதைவிட நல்லதா என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

வீட்டிலும் அவள் கவனம் இந்த அளவில்தான் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, “கை கழுவிட்டு சாப்பிட வா” என்றுதான் சொன்னாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. கணவர் ஒரு தடவை மீசையை எடுத்துவிட்டார். அவரையே ரொம்ப நேரம் பார்த்தவள், “ஏங்க, உடம்பு சரியில்லையா? முகம் ஒரு மாதிரி இருக்கே” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கணவர் அவளுக்கு நேர்மாறு. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். அங்கே இன்னொருவர் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார். இவர் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டி, விட்டுப்போன புள்ளியையும் இடம் மாறிய றகரத்தையும் சிவப்புப் பேனாவால் கொத்தி எடுப்பார். வீட்டில் அவள் எழுதும் கடைச் சாமான் பட்டியலையும் விட்டுவைப்பதில்லை. ‘எண்ணை’யை ‘எண்ணெய்’ ஆக்கிய பிறகுதான் கடைக்குக் கிளம்புவார். “இந்த வீட்ல ரெண்டு ஜோடிக் கண்ணு இருக்கு, ஒண்ணுதான் வேலை செய்யுது” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். அவளும் சும்மா இருக்கமாட்டாள். “உங்க கண்ணுக்குக் குறைச்சல் இல்ல. நான் சொல்றது ஒண்ணையாவது காதுல போட்டுக்கறீங்களா?” என்பாள். இருபத்தாறு வருடக் குடித்தனம் இந்த இரண்டு வாக்கியங்களில் சுகமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நீலப் பெட்டி விவகாரம் வந்தது.

ஒரே வாரத்தில் சக்கரம் வைத்த நீலப் பெட்டிகள் இரண்டு வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் எண் பூட்டு. பூட்டிய பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் இரண்டுக்கும் ஒரே வரியை இரண்டு தடவை எழுதி வைத்தாள். ஒரு பெட்டி, அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவருடையது. இன்னொன்று பல் மருத்துவர் ஒருவருடையது. முதலில் வந்தவர் அவசரத்தில் இருந்தார். கைக்கு எட்டிய பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அக்கா வீட்டுக்குப் போய், எண் சேரவில்லை என்று பூட்டை நெம்பித் திறந்தால், உள்ளே இருந்து இருபத்திரண்டு பல் செட்டுகள் அவரைப் பார்த்து இளித்தன. வகுப்பு எடுப்பதற்காக மருத்துவர் கொண்டுபோன மாதிரிகள் அவை. அக்கா போட்ட கூச்சலில் அந்தத் தெருவே கூடிவிட்டதாம்.

மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ரெண்டு பெட்டிக்கும் ஒரே வரி எழுதி வச்சிருக்கீங்களேம்மா! எதை வச்சு ஆளைப் பிரிச்சீங்க?”

“ரெண்டும் நீலம்தான் சார்.”

“ஒண்ணு ஆகாச நீலம், ஒண்ணு மை நீலம்னு அந்த டாக்டர் சொல்றார். ஒண்ணுல கைப்பிடி தேஞ்சு போயிருக்காம். பக்கவாட்டுல ஒரு கீறலாம். நீங்க பாக்கலையா?”

அவள் பார்க்கவில்லை. திட்டு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

இதற்குப் பத்து நாள் கழித்து ஒரு தச்சர் வந்தார். அறுபது வயது இருக்கும். கருவிப் பையை நகரப் பேருந்தில் விட்டுவிட்டாராம். சூடு கண்டிருந்த ரெஜிஸ்டரம்மா இந்த முறை உஷாராக இருந்தாள். “பை எப்படி இருக்கும், உள்ள என்னென்ன இருக்கும், விவரமா சொல்லுங்க” என்றாள்.

தச்சர் வாயைத் திறந்தார், மூடினார், கையை ஆட்டினார். “எனக்குச் சொல்ல வராதும்மா. ஒரு பேப்பர் குடுங்க” என்றார்.

விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் இரண்டே நிமிடத்தில் வரைந்துவிட்டார். அழகான படம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் இருந்தது. பையின் வாய், ஒரு பக்கம் தோல் வாரும் மறுபக்கம் கயிறும், உள்ளே இழைப்புளி, மூன்று உளிகள், அதில் நடு உளிக்குப் பிடியில் துணி சுற்றியது, அளவுகோலில் ஒடிந்த மூலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்து இரண்டு வார்த்தை. அவள் உள்ளே போய்ப் பையைத் திறந்து பார்த்தாள். நடு உளிக்குத் துணி சுற்றியிருந்தது. பதிவேட்டில் அவள் எழுதியிருந்தது, ‘பழைய பை, இரும்புச் சாமான்களுடன் – ஒன்று.’

“எப்படி இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஞாபகம் எல்லாம் இல்லம்மா. ஒரு தடவை வரைஞ்சு பாத்தா அது கண்ணுல ஒட்டிக்கும். வரையாததுதான் நழுவிடும்” என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆனால் அந்தத் தாளை அவள் கோப்பில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று வீடு திரும்பும் வழியில் கோடு போடாத நோட்டு ஒன்றும், ஒரு பென்சிலும், அதிக நம்பிக்கை இல்லாததால் இரண்டு அழிப்பான்களும் வாங்கினாள்.

முதல் படம் குடை. அரை மணி நேரம் முயன்றாள். பக்கத்து அறையில் ஒலிபெருக்கியில் பேருந்து நேரம் அறிவிக்கும் பெண்ணுக்கு மைக் என்று பட்டப்பெயர். அவள் எட்டிப் பார்த்தாள். சாதாரணமாகப் பேசினாலே நாலு நடைமேடைக்குக் கேட்கும் குரல் அது.

“என்னக்கா இது? யாராவது வவ்வாலைத் தொலைச்சுட்டாங்களா?”

“குடைடி.”

“ஐயையோ. அந்தக் குடைக்கு என்ன ஆச்சு?”

இரண்டாம் நாள் ஒரு கைப்பை வரைந்தாள். மைக் அதைப் பார்த்துவிட்டு, நாய்க்குட்டி நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் ஷூ. மைக் அதை உற்றுப் பார்த்தாள். ஆழ்ந்த அனுதாபத்தோடு ரெஜிஸ்டரம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஆனாலும் மனசு பொறுக்காமல் திரும்பி வந்து கேட்டாள்.

“எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது.”

ரெஜிஸ்டரம்மா அதையும் செய்து பார்த்தாள். ஒரு வாரம் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். வாரக் கடைசியில் போனைத் திறந்தால் நாற்பது கறுப்புப் பைகள் வரிசையாக நின்றன. எது எந்தப் பேருந்தில் வந்தது, எதற்கு என்ன அடையாளம், ஒன்றும் நினைவில் இல்லை. “போன் பாத்துடுச்சு. நான் பாக்கலையே” என்று மைக்கிடம் சொன்னாள். மறுபடியும் பென்சிலை எடுத்தாள்.

வரைகிறபோது ஒரு விஷயம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சாமானைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போல இருக்கும். பை என்றால் பை, அதில் என்ன தெரியாமல் போகிறது? பென்சிலைத் தாளில் வைத்ததும் கை நின்றுவிடும். இந்த வார் எங்கே போய்ச் சேருகிறது? ஜிப் மூலை வரை போகிறதா, ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறதா? நிமிர்ந்து பார்ப்பாள். நின்றுதான் விடுகிறது. பத்தொன்பது வருடம் பைகளோடு வாழ்ந்தவளுக்கு, ஜிப் எங்கே முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு சாவிக்கொத்தை வரைய முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு சாவிகளில் ஒன்றுக்கு மட்டும் தலை வழவழவென்று தேய்ந்திருந்தது. அதில் ஒரு கோடு இழுத்து, ‘இதைத்தான் தினம் திறக்கிறார்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்குள் படங்கள் தேறிவிட்டன. குடை குடையாகவே தெரிந்தது. அதோடு ரெஜிஸ்டரம்மாவுக்குத் துப்பறியும் புத்தியும் முளைத்துவிட்டது. ஒரு நாள் நீளமான கைத்தடி ஒன்று வந்தது. முனை வளைந்தது. அடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பி வரைந்து, பக்கத்தில் எழுதினாள்: ‘வயதானவர். வலது கால் இழுத்து நடப்பவர். உயரமானவர்.’

தடியைக் கேட்டு வந்தது முப்பது வயதுகூட ஆகாத குட்டையான மனிதர். இரண்டு கால்களும் திடமாக இருந்தன. படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தார்.

“இது உங்களுது இல்லையே” என்றாள்.

“என்னுதுதான்மா.”

“கொஞ்சம் நடந்து காட்டுங்க.”

அவர் விழித்தார். இருந்தாலும் நடந்து காட்டினார். “இன்னும் கொஞ்சம் மெதுவா” என்றாள். மெதுவாகவும் நடந்தார். கால் இழுக்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மைக், அறிவிப்பு முடிந்தும் பொத்தானை அணைக்க மறந்துவிட்டாள். “இன்னும் கொஞ்சம் மெதுவா” என்று ரெஜிஸ்டரம்மா சொன்னது பதினான்கு நடைமேடைக்கும் கேட்டது. ஓர் ஓட்டுநர் தனக்குத்தான் உத்தரவு என்று நினைத்து வேகத்தைக் குறைத்தாராம்.

“அம்மா, நான் கடை வச்சிருக்கேன். குட்டையா இருக்கறதால ஷட்டர் எட்டாது. இந்த வளைவை மாட்டித்தான் கீழ இழுப்பேன். இழுத்துட்டுத் தடியைச் சுவத்துல சாச்சு வைப்பேன், தினம் ஒரே பக்கமா. நடக்கறதுக்கு இல்லம்மா” என்றார் அவர், அழாத குறையாக.

ரெஜிஸ்டரம்மாவின் முகத்தில் அசடு வழிந்தது. தடியைக் கொடுத்து, கூடவே மன்னிப்பும் கேட்டு அனுப்பினாள். அன்று சாயங்காலம் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். இடது பக்கத் தலைப்பு ‘பார்த்தது’. வலது பக்கத் தலைப்பு ‘நினைத்தது’. ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது இடது பக்கம். கால் இழுக்கும் என்பது வலது பக்கம். இடது பக்கம் நிறைய வேண்டும், வலது பக்கத்தில் எதை எழுதினாலும் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அறையில் வேலை நடந்த விதமே மாறியது. சாமானை அள்ளி மேசையில் போடுவதில்லை. நோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். மூடியில் எத்தனை கொக்கி? வார் எந்தப் பக்கம் தைத்தது? அப்போதுதான் தெரிந்தது, உலகத்தில் அவள் மட்டும் தனியாக இல்லை என்பது. தினமும் கையில் தூக்கிக்கொண்டு போகிற சாப்பாட்டு டப்பா வட்டமா சதுரமா என்று ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஓர் ஆசிரியை தன் கைப்பை பழுப்பு என்று சத்தியம் செய்யாத குறை. அது பச்சை. சொந்தச் சாமானைத் தெரியாதவர்களைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு சொந்தக்காரப் பாசமே வந்துவிடும். பொறுமையாக ஞாபகப்படுத்திக் கொடுப்பாள். ஆறு மாதத்தில் ஒரு சாமான்கூட ஆள் மாறிப் போகவில்லை. மேலாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அலுவலக நேரத்துல படம் போடறீங்களா?” என்று ஆரம்பித்தார். பிறகு தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “அந்தச் சாவிக்கொத்து நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

கைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. முதலில் பாத்திரங்கள், நாற்காலி, மகளின் செருப்பு. மனிதர்களை வரைய ஆசை வந்தபோது, அசையாமல் உட்காரக்கூடிய ஆள் வீட்டில் ஒருவர்தான் கிடைத்தார். காலையில் அரை மணி நேரம் மெய்ப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு கணவர் உணவு மேசையில் உட்காருவார். அவள் எதிரே உட்கார்ந்து வரைவாள்.

“என் மூக்கு இவ்ளோ பெரிசா?” என்றார் முதல் படத்தைப் பார்த்து.

“பாத்ததைத்தான் போட்டிருக்கேன்.”

“அப்பா, மூக்கைச் சின்னதாத்தான் போட்டிருக்கா அம்மா. நன்றி சொல்லுங்க” என்றாள் மகள்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, படத்தின் ஓரத்தில் ‘மூக்கு – குறைக்க’ என்று மெய்ப்புக் குறி போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் இருபது படங்கள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் புரட்டியபோது எல்லாவற்றிலும் இடது காது மட்டுமே இருப்பதைக் கண்டாள். தலை கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, இடது காது அவளை நோக்கி. சரி, மறுபக்கமும் பழகலாம் என்று அடுத்த நாள் அவருக்கு வலப்புறமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தாள்களை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். “இங்க வெளிச்சம் நல்லா இருக்கு” என்றார். மறுநாளும் அவள் வலப்புறம் போனாள். அவர் மறுநாளும் இடம் மாறினார். இந்தத் தடவை வெளிச்சம் அங்கே குறைவாகவே இருந்தது.

நோட்டில் இடது பக்கம் எழுதினாள்: ‘இரண்டு நாளும் நாற்காலி மாற்றினார். போனை இடது காதில்தான் வைக்கிறார். மகள் வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டபோது, இடப்பக்கம் இருக்கும் சமையலறையைத் திரும்பிப் பார்த்தார்.’ வலது பக்கம், ‘என் மேல் கோபமோ?’ என்று எழுதி, கேள்விக்குறி போட்டாள். பிறகு அதை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள். அதற்கும் கேள்விக்குறி போட்டாள்.

மறுநாள் காலை அவர் தாளில் மூழ்கியிருந்தபோது வலப்பக்கமாகப் போய் நின்று, மெல்லிய குரலில், “ஏங்க, சமையல்கட்டுல தீப்பிடிச்சிடுச்சு” என்றாள். அவர் ஒரு காற்புள்ளியை அகற்றினார். “மேலாளர் என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டார்” என்றாள். அவர் அடுத்த வரிக்குப் போனார். இடப்பக்கம் வந்து அதே குரலில், “உங்க மூக்கு நிஜமாவே பெரிசுதான்” என்றாள்.

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?” என்றார் அவர், நிமிராமலே.

அவள் எதிரே உட்கார்ந்தாள். நோட்டை மூடினாள்.

“எப்பத்துலேருந்து?”

“எது?”

“வலது காது.”

அவர் பேனாவின் மூடியைத் தேடினார். அது பேனாவின் பின்னாலேயே இருந்தது.

“நாலஞ்சு வருஷம் இருக்கும். முதல்ல லேசா இருந்துது. இப்ப ஒண்ணும் இல்ல. வெறும் காத்துதான்.”

“ஏன் சொல்லல?”

“பிரஸ்ல அவர் படிக்கறதைக் காதால கேட்டுத்தானே நான் திருத்தறேன்? காது போச்சுன்னு தெரிஞ்சா, போதும், வீட்டுக்குப் போங்கன்னுடுவாங்க. அதான் அங்கயும் ஒரு காரணம் சொல்லி இடம் மாத்திக்கிட்டேன்.”

“அவங்களுக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு?”

அவர் அவளைப் பார்த்தார். “நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு தைரியமா இருந்தேன். நான் மீசை எடுத்ததே தெரியாத ஆளு நீ. உன் கண்ணை நம்பி நாலு வருஷம் ஓட்டிட்டேன். யாரு கண்டா, நீ பென்சில் வாங்குவேன்னு?”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். நாலு வருடமாக அவர் காதில் விழாததை எல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளாததாக நினைத்து எவ்வளவு பேசியிருக்கிறாள்! அதில் பாதி வலப்பக்கம் நின்று பேசியதாகத்தான் இருக்கும், நல்லவேளை என்றும் தோன்றியது. அவரோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, முந்திப் போய் இடம் பிடித்து, கேட்காததற்கெல்லாம் பொதுவாகச் சிரித்து வைத்தே அலுத்துப்போயிருந்தார். காதும் காதும் வைத்தாற்போல அந்த ரகசியத்தைக் காக்க அவர் பட்ட பாடு அப்படி.

மருத்துவர் சோதித்துப் பார்த்தார். நரம்பு பலவீனமாகிவிட்டது, முழுசாகத் திரும்பாது, கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார். எவ்வளவு காலமாக இருக்கும் என்று கேட்டதற்கு, ஐந்து வருடத்துக்கு மேல் இருக்காது என்று சொன்னார். வெளியே வந்ததும் கணவர் குரலைச் சரிசெய்துகொண்டு, “பாத்தியா? இருபத்தாறு வருஷமா காதுல போட்டுக்கலை, போட்டுக்கலைன்னியே. எல்லாம் இந்த நரம்புதான்” என்றார்.

“டாக்டர் அஞ்சு வருஷம்னாரு. மீதி இருபத்தொண்ணுக்கு என்ன சொல்றீங்க?” என்றாள் அவள்.

“அந்தப் பக்கமா நடந்து வா. இந்தக் காதுல விழல” என்றார் அவர். அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாகவே நடந்தாள்.

அச்சகத்தில் விஷயத்தைச் சொன்னபோது வானம் இடிந்து விழவில்லை. மூலம் படிப்பவர், “ஓ, அதான் நான் தப்பாப் படிச்சாலும் சும்மா இருந்தீங்களா? நான்கூட நீங்க பெருந்தன்மையானவர்னு நினைச்சுட்டேன்” என்றாராம். கருவி வைத்த முதல் வாரம் வீட்டில் பெரிய ரகளை. குழாய் சொட்டுகிறது, கதவு முனகுகிறது, மகள் போனில் யாரிடமோ சிரிக்கிறாள் என்று வரிசையாகக் குறிப்பு எடுத்தார். மனைவி வரைகிறபோது உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள் என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக் கேட்டு அதற்கும் ஒரு மெய்ப்புத் திருத்தம் போட்டார். “‘கொஞ்சம் இடது’ன்னு சொல்ற. ‘கொஞ்சம் இடப்பக்கம்’னு சொல்லணும்.”

அடுத்த வருடம் மேலாளர் ஒரு புதுப் படிவம் அச்சடித்தார். அதன் பாதி இடம் வெற்றுக் கட்டமாக இருந்தது, படம் போடுவதற்கு. மற்ற பேருந்து நிலையங்களிலும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அங்கிருந்து வந்த படங்களைப் பார்த்தால் பணப்பை ரொட்டி மாதிரியும், ரொட்டி டப்பா பேருந்து மாதிரியும் இருந்தன. “நீங்களே ஒரு நாள் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடுங்களேன்” என்றார் மேலாளர். ரெஜிஸ்டரம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர், ‘எனக்குப் படம் வராதுங்க’ என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

“யாருக்கும் வராது. எனக்கு முதல்ல வவ்வால்தான் வந்துச்சு” என்றாள். “அழகா போட வேண்டாம். பாத்ததைப் போடுங்க, அவ்வளவுதான். இப்ப ஒண்ணு செய்யலாம். நீங்க எல்லாரும் உள்ள நுழைஞ்சு வந்தீங்களே, அந்தக் கதவை வரைங்க. திரும்பிப் பாக்கக் கூடாது.”

பதினோரு பேரும் குனிந்தார்கள். அழிப்பான்கள் தேய்ந்தன. கைப்பிடி எந்தப் பக்கம், கண்ணாடி இருந்ததா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் இருந்த நெட்டையான எழுத்தர் கையை உயர்த்தினார். “நீங்களும் வரைங்கம்மா. நாங்க எப்படிச் சரி பாக்கறது?”

நியாயமாகத்தான் பட்டது. அவள் சாக்கட்டியை எடுத்து, தயங்காமல் வரைந்தாள். ஒற்றைக் கதவு, நடுவில் சின்னக் கண்ணாடி, வலப்பக்கம் கைப்பிடி, அதற்குக் கீழே தாழ்ப்பாள். நிழல்கூடப் போட்டாள். அன்று காலை எல்லோருக்கும் முன்னால், கதவை யார் திறந்து வைத்தார்கள் என்றுகூட யோசிக்காமல் இந்த அறைக்குள் வந்தவள் அவள்தான்.

“சரி, இப்ப எல்லாரும் திரும்பிப் பாருங்க” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் கதவே இல்லை. வண்ணம் பூசுவதற்காகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் நிலைதான் நின்றது. அதில் மூன்று கீல்களின் தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

நெட்டை எழுத்தர்தான் முதலில் சிரித்தார். ரெஜிஸ்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரும்பலகையில் இருந்த அருமையான கதவைத் துணியால் அழித்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய், காலியாக இருந்த நாற்காலி ஒன்றை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள்.

“எல்லாரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்புங்க. முதல்லேருந்து போடலாம். அந்தக் கீல் தடம் தெரியுது பாருங்க, அதுலேருந்து ஆரம்பிங்க” என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.